அம்மைப்பால் தீர்ந்த வாரம்

என் முகத்தைப் பார்த்தா முதல்ல கண்ணுல படுறது குழிதான். ஏழு வயசுல ஆத்தா வந்து, இருபது நாள் இருந்து, போகும்போது முகம் பூரா தன் கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிட்டா. பெண் பார்க்க வந்தவனெல்லாம் பலகாரத்தைத் தின்னுட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். எனக்கு அதுல வருத்தம் கிடையாது. பின்னாடி அந்த மூஞ்சிதான் எனக்குச் சோறு போட்டுது.

தென்காசியிலயும் குற்றாலத்துலயும் வீடு வீடாப் போய் அம்மை குத்துற சர்க்கார் உத்தியோகம் எனக்கு. ஆம்பிளைகள் ரெண்டு பேரு அதே வேலையில இருந்தாங்க. ஆனா பெரிய வீட்டுப் பொம்பளை அன்னிய ஆம்பிளைகிட்டக் கையை நீட்டுவாளா? அதுக்காகத்தான் என்னை எடுத்தாங்க. தெருவுல நான் தலையைக் காட்டினாப் போதும், “ஏட்டி, குத்துதம்மா வருதா, ஓடு ஓடு”ன்னு பிள்ளைகள் சிட்டாப் பறக்கும். நான் விடமாட்டேன். முறம், கதவு, குதிர் எல்லாத்துக்கும் பின்னால தேடி இழுத்துட்டு வருவேன். “குத்தினா ஆத்தாவுக்குக் கோவம் வரும்”னு எவளாவது சொன்னா, என் மூஞ்சியை அவ மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டுபோய், “நல்லாப் பாருட்டி. இது வேணுமா, அது வேணுமா?”ம்பேன். அடுத்த நிமிஷம் அவளே பிள்ளை கையைப் பிடிச்சு நீட்டுவா.

குத்துற மருந்துக்குப் பேரு அம்மைப்பால். மெட்ராஸ்ல கன்னுக்குட்டி உடம்புல வளர்த்தெடுத்து, சுண்டுவிரல் நீளக் கண்ணாடிக் குழாயில அடைச்சு ரயில்ல அனுப்புவாங்க. எங்களுக்குள்ள சுருக்கமா பால். “பால் வந்துட்டா?” “கையில எத்தனை பால் இருக்கு?” இப்படிப் பேசிக்கிடுவோம். கேக்கிறவன் நாங்க மாட்டுத்தொழுவம் வச்சிருக்கோம்னுதான் நினைப்பான். சூடு பட்டா அந்தப் பால் செத்துப் போகும். அதனால ஒரு சின்னக் கலயத்துல ஈர மணலைப் போட்டு, குழாயை அதுக்குள்ள புதைச்சுத் தூக்கிட்டுத் திரிவேன். ஒரு குழாய் பதினஞ்சு கைக்கு வரும். இழுத்துப் பிடிச்சா இருபது. திறந்துட்டா அன்னைக்கே தீர்த்திரணும், மூடி வைக்க முடியாது.

நான் சொல்லப்போற வருஷம் சண்டைக் காலம். பஸ் கரியில ஓடுது, மண்ணெண்ணெய் மருந்துக்குக் கூடக் கிடைக்கல. சித்திரையில தென்காசியில அங்கங்க வாசல்ல வேப்பிலை தொங்க ஆரம்பிச்சுது. வேப்பிலை தொங்குனா அந்த வீட்டுல அம்மா வந்திருக்கான்னு அர்த்தம். அங்கன தாளிக்க மாட்டாங்க, வெளியாளு உள்ள போகமாட்டான், உள்ள இருக்கிறவன் வெளிய வரமாட்டான். இந்தக் கடைசி ரெண்டையும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். எந்த டாக்டரும் அதைவிட நல்லா எழுதிக் குடுத்திர முடியாது.

வைகாசிக் கடைசியில வேப்பிலை குற்றாலத்துக்கும் வந்துட்டு. ஆனி பொறந்தா சாரல் விழும், சாரல் விழுந்தா நாலு சீமை ஜனமும் அருவிக்கு வரும். என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டாரு. தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர், தங்கமான குணம், ஆனா காகிதத்தைக் கண்டா நடுங்குவாரு.

“அம்மா, கையில மூணு குழாய்தான் இருக்கு. அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. பாதி பட்டாளத்துக்குப் போயிடறதாம். இந்த லிஸ்ட்டுல இருக்கற வரிசைப்படி போட்டுட்டு வந்துடுங்கோ”ன்னாரு.

வாங்கிப் பார்த்தேன். முதல்ல அருவிப் பக்கத்து பங்களாக்காரர் வீடு, அவரு தம்பி வீடு, மச்சினர் வீடு. அப்புறம் அதிகாரிகள் குடும்பம். அப்புறம் லாட்ஜ் முதலாளிகள். கடைசியில ஒரே வரி, ‘மற்றவர்கள்’. அந்த ‘மற்றவர்கள்’ல தான் ஊரே இருந்துது.

எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு. “ஐயா, இது அம்மைக்குப் போட்ட லிஸ்ட்டா, கல்யாணப் பந்திக்குப் போட்ட லிஸ்ட்டா?”

“ஏம்மா காலங்கார்த்தாலே...”

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு இருக்கிறவங்க பேரெல்லாம் மேல இருக்கே! அதான் கேட்டேன். இவங்க கையில எல்லாம் சின்ன வயசுத் தழும்பு இருக்கு. இவங்களுக்கு இது மறுகுத்து. பொறுக்கலாம். தழும்பே இல்லாத கைக்கு முதல்ல குத்தணும். அதுலயும் அம்மா வந்த வீட்டுக்குப் பக்கத்துல யாரு இருக்கா, நாலு பேரைத் தொட்டு வேலை செய்யுறது யாரு, அவங்களுக்கு முதல்ல. பாளையங்கோட்டைப் பயிற்சியில எனக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க. குற்றாலத்துல நாலு பேரைத் தொடுறவன் யாரு? எண்ணெய் தேய்க்கிறவன். ஒரு நாளைக்கு முப்பது முதுகு. அவனுக்கு வந்தா முப்பது ஊருக்கு டிக்கெட் எடுத்த மாதிரி.”

அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. “பங்களா வீட்டுக்கு மட்டும் முதல்ல போயிட்டு வந்துடுங்கோ. மத்தது நீங்க சொன்னது என் காதுல விழலை.”

போனேன். பங்களா வீட்டுல பட்டாசல், அதான் முன்கூடம், நிறையப் பொம்பளைகள். ஒவ்வொரு கையாப் பார்த்தேன், எல்லாக் கையிலயும் தழும்பு. புதுசா வந்த மருமக ஒருத்தி, தொட்டில்ல ஒரு பிள்ளை, ரெண்டு பேருக்குத்தான் வெறுங்கை. ரெண்டு பேருக்கும் குத்தினேன். மிச்சம் முக்கால் குழாய் கையில இருக்கு. “சமையக்கட்டுல, மாட்டுத்தொழுவத்துல வேலை செய்யுதவங்களைக் கூப்பிடுங்க”ன்னேன். வீட்டுக்காரம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்கணுமே! “எங்களுக்கு இல்லாம சாணி அள்ளுறவளுக்கா?”ன்னாங்க. “அவ அள்ளுற கையாலதானே அம்மா நீங்க பால் குடிக்கீங்க”ன்னு சொல்லிக்கிட்டே வரிசையாக் குத்தி முடிச்சிட்டேன். அன்னைக்கு அந்த வீட்டுல எனக்கு மோர் கூடக் குடுக்கல.

மறுநாள் எண்ணெய் வளவு. அருவிக்குப் போற பாதையில இருந்து கீழ இறங்கினா ஒட்டினாப்புல பதினோரு வீடு, நடுவுல ஒரு முற்றம். அதைத்தான் வளவும்பாங்க. எல்லா வீட்டு ஆம்பிளைக்கும் எண்ணெய் தேய்ச்சுவிடுற தொழில். கடைசி வீட்டுக் கிழவருக்கு அம்மா வந்து வேப்பிலை தொங்குது. நான் முதல் நாளே போய்ச் சொல்லி வச்சிருந்தேன். “ஆத்தா வந்த வீட்டுக்குள்ள நான் போகமாட்டேன். வராத வீட்டுக்குத்தான் பால் வைக்க வாரேன். நாளைக்குக் காலையில பிள்ளைகளை நல்லாச் சுத்தமா வச்சிருங்க.” இந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லும்போது எனக்குத் தெரியல.

“நோயி யாருக்குக் கிட்ட இருக்கோ அவங்க முதல்ல வாங்க”ன்னு முற்றத்துல நின்னு சத்தம் போட்டேன். எண்ணெய்ப் பிசுக்குல பால் ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். அதனால அந்த ஆம்பிளைகளைச் சீயக்காயும் சாம்பலும் போட்டு முழங்கைக்கு மேல உரசிக் கழுவ வச்சேன். “எம்மா, தோலை உரிக்கச் சொல்லுதீயளே”ன்னு சிரிச்சாங்க. ஒரு சின்ன இரும்பு, முனையில பல்லு. அதைத் தோல்ல வச்சு ஒரு திருகு திருகினா வட்டமாக் கீறும். அதுக்கு மேல பாலைத் தடவணும். அவ்வளவுதான் சோலி.

மூணாவது வீட்டுல ஒரு இளந்தம்பதி. அவன் ஆறடி ஆளு, கையி உலக்கை மாதிரி. அவ அச்சன்கோவில் மலைப் பக்கத்துக்காரி, பேச்சுல மலையாளம் ஊடாடும். அஞ்சு மாசத்துப் பெண்பிள்ளை ஒண்ணு, அதைக் கொச்சு கொச்சுன்னுதான் கூப்பிடுவா. அன்னைக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கணுமே! பயத்தம்மாவு போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, பொட்டு வச்சு, துடைச்ச விளக்காட்டம் கொண்டாந்து என் மடியில போட்டா. அந்த அழகுப் பிள்ளையைச் சீயக்காய் போட்டுத் தேய்க்க எனக்கு மனசு வரல. ஈரத்துணியால ஒரு துடை துடைச்சுக் குத்திட்டேன்.

அவளுக்கும் வெறுங்கைதான். ஆனா அவ முறை வரும்போது குழாய் காலி. “எனக்குப் பைய, பொறவு போதும், கொச்சுக்கு ஆயிட்டுல்லா”ன்னா. நாலு நாள் கழிச்சு அருவிக்குக் கீழ ஓட்டல் சமையல்காரங்களுக்குக் கடைசிக் குழாயைத் திறந்தேன். அவளை அங்கன வரச்சொல்லி, குழாயை வழிச்சு ரெண்டு கீறலுக்குத் தடவி விட்டேன். அதோட என் கலயத்துல மணல்தான் மிச்சம்.

அக்கறையா எட்டாவது நாள் போய்ப் பார்த்திருக்கணும். எட்டாம் நாள் கீறின இடத்துல முத்து எழும்பியிருந்தா பால் பிடிச்சிட்டுன்னு அர்த்தம். எழும்பலைன்னா திரும்பக் குத்தணும். ஆனா சுந்தரபாண்டியபுரத்துல நாலு வீட்டுல வேப்பிலைன்னு என்னை அங்கன விரட்டிட்டாங்க. வளவுக்கு நான் திரும்பிப் போனது பன்னிரண்டாம் நாள்.

அன்னைக்கு வளவுல குத்தின எல்லார் கையிலயும் முத்து காய்ஞ்சு பொருக்குத் தட்டியிருந்துது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துட்டு. கொச்சுவை வாங்கிக் கையைத் திருப்பினேன். ஒண்ணுமே இல்ல. கீறின தடம் கூட மறைஞ்சு, வழுவழுன்னு கையி.

“ஏட்டி, அன்னைக்கு இந்தப் பிள்ளைக்கு என்ன செஞ்சே?”

“ஒண்ணும் செய்யலையே. நீங்க சுத்தமா வைக்கச் சொன்னீயல்லா? விடியக்காலம் தலையில இருந்து கால் வரைக்கும் நல்லெண்ணெய் தேய்ச்சு, ஒரு நாழி ஊற வச்சு, அப்புறம் குளிப்பாட்டினேன்.”

தலையில இடி விழுந்த மாதிரி உக்காந்துட்டேன். எண்ணெய்க்காரங்க வளவுல போய் ‘சுத்தமா வை’ன்னா வேற என்ன செய்வாங்க? அவங்களுக்குச் சுத்தம்னா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறது. சோப்பு கண்டவளா அவ? அந்தப் பிஞ்சுத் தோலு ஒரு நாழி எண்ணெயைக் குடிச்சிருக்கு. நான் தடவின பால் அதுல வழுக்கிட்டுப் போயிட்டு. பெரியவங்க கையைத் தேய்க்கத் தெரிஞ்ச எனக்கு, பிள்ளை அழகா இருக்குன்னு பல்லைக் காட்டத் தெரிஞ்சுதே தவிர, மோந்து பார்க்கத் தெரியல. அவ மேல ஒரு தப்பும் கிடையாது. தப்பு பூரா என் வாயி.

அதே நேரத்துல பக்கத்து வீட்டு வாசல்ல அந்த வீட்டுக்காரி வேப்பிலை கட்டிக்கிட்டு இருக்கா. அவ புருசன் சாரலுக்கு முந்தி எண்ணெய் வேலை இல்லைன்னு மலையில மரம் ஏத்தப் போயிருந்தவன், நான் குத்த வந்த அன்னைக்கு ஊர்ல இல்ல. முந்தாநாள் காய்ச்சலோட வந்து படுத்தான், இன்னைக்கு முகத்துல முத்து. அவளுக்கு மூணு வயசுல ஒரு மக. அதுக்காவது குத்தியிருக்கேனா? அந்தக் கூறுகெட்டவ அன்னைக்குப் பிள்ளையை அண்டாவுக்குள்ள ஒளிச்சு வச்சு மூடி மேல தானே உக்காந்திருந்தாளாம். இப்ப வந்து என் காலைக் கட்டிக்கிட்டு அழுதா. “சவத்து மூதி, இப்ப அழுது என்ன செய்ய?”ன்னு வஞ்சேன். அடுத்த நிமிஷம் நானே அவளைத் தூக்கி நிறுத்தினேன்.

ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் சுவரு. அதுவும் பாதிச் சுவரு. அம்மா வந்தவன் மூச்சு இந்தப் பக்கம் வரும். மூணு நாளைக்குள்ள குத்தினா நோயை முந்திரலாம். பிந்தினா அஞ்சு மாசப் பிள்ளை தாங்காது, எத்தனை பார்த்திருக்கேன் நான். ஓட்டமும் நடையுமா ஆபீசுக்குப் போனேன். மேலதிகாரி தந்தி அடிச்சாரு. பதில் வந்துது, பால் வர ஒரு வாரம் ஆகும்.

திரும்பி வரும்போது கரி பஸ் மேலகரத்துல படுத்துட்டு. இறங்கி நடந்தேன். நடக்கும்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்துது. எங்களுக்குப் பயிற்சி குடுத்தவரு ஒரு நாள் சொன்னாரு. அந்தக் காலத்துல குழாய் கிடையாதாம். எட்டாம் நாள் முத்து உள்ள கையில இருந்தே பாலை எடுத்து அடுத்த கையில வைப்பாங்களாம். ஒரு கை நோயி அடுத்த கைக்குப் போகும்னு பின்னாடி சர்க்கார் அதைத் தடுத்துட்டு. “இப்ப எவளாவது செஞ்சா வேலை போயிரும்”னும் சொல்லியிருந்தாரு.

எட்டாம் நாள் முத்து யாரு கையில இருக்கு? வளவுல எல்லாருக்கும் காய்ஞ்சாச்சு. ஓட்டல்காரங்க கையில பழைய தழும்பு இருந்தும், ஊருக்கே சோறு பரிமாறுற கைன்னுதான் குத்தினேன்; மறுகுத்துல நல்ல முத்து எழும்பாது. நாலு நாள் பிந்திக் குத்தின ஒரே வெறுங்கை அவ கைதான். பிள்ளையைப் பெத்தவ கை. அன்னைக்குத்தான் எட்டாம் நாள்.

வளவுக்குள்ள நுழைஞ்சதும் அவ முந்தானையை விலக்கிக் கையைக் காட்டச் சொன்னேன். ரெண்டு முத்து எழும்பியிருக்கு. ஒண்ணு விறகுக்கட்டு உரசி உடைஞ்சுட்டு. இன்னொண்ணு முழுசா இருக்கு, நல்ல தெளிவா, உருண்டையா.

அவளையும் அவ புருசனையும் உக்கார வச்சு ஒளிக்காமச் சொன்னேன். “இது சர்க்கார் சொன்ன முறை இல்ல. செஞ்சா என் வேலை போனாலும் போகும். நீ ஆரோக்கியமா இருக்கே, உன் உடம்புல வேற நோயி எதுவும் எனக்குத் தெரியல. உன் கையில இருக்கிற இந்த முத்துல இருந்து பால் எடுத்து உன் பிள்ளைக்கு வைக்கப் போறேன். சம்மதமா?”

“பாலா?”ன்னா.

“ஆமா. அம்மைப்பால்.”

அவ தன் கையையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் சொன்னா, “எனக்கு நெஞ்சுல பால் வத்தி மூணு மாசம் ஆச்சும்மா. ஆட்டுப்பாலைச் சங்குல ஊத்தித்தான் வளர்க்கேன். பெத்த பிள்ளைக்குப் பால் இல்லாதவன்னு இந்த வளவே பேசுது. கையிலயாவது வந்திருக்கே. எடுங்க.”

நான் விளக்கைப் பொருத்தி இரும்பைச் சுட்டேன். ஆற வச்சேன். இந்தத் தடவை கொச்சு கையைச் சீயக்காய் போட்டு, வெந்நீர் விட்டு, மூணு தடவை கழுவி, மோந்து பார்த்தேன். பிள்ளை வீல் வீல்னு கத்துது. கத்தட்டும்னு இருந்தேன்.

முத்தைக் குத்தப் போகும்போது அவ என் மணிக்கட்டைப் பிடிச்சா. “அம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு?”

“ஒரு முத்துதான்ட்டி இருக்கு. ஒரு சொட்டு வரும், ரெண்டு சொட்டு வரும். உறுதி சொல்லமாட்டேன். முதல்ல எடுக்கிறதுதான் நல்ல பால், பின்னால வாரது நீர்த்துப் போகும். உன் பிள்ளைக்கு வச்சிட்டு மிச்சம் இருந்தாப் பார்ப்போம்.”

“அவ அப்பன் மேலயே படுத்துக் கிடக்கா. நோயி அவளுக்குத்தான் கிட்ட இருக்கு. யாருக்குக் கிட்ட இருக்கோ அவங்களுக்கு முதல்லன்னு நீங்கதானே அன்னைக்கு முற்றத்துல நின்னு சத்தம் போட்டீய?”

என் வாயாலயே எனக்கு ரெண்டாவது தடவை அடி. அவ புருசன் எந்திரிச்சுட்டான். “ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். நம்ம பிள்ளைக்கு முதல்ல வைங்கம்மா. அவதான் பிள்ளையை அண்டாவுல போட்டு மூடினா. அவ செஞ்சதுக்கு நம்ம கொச்சா?” அவன் சொன்னதும் நியாயம். எனக்கும் உள்ளுக்குள்ள அதுதான் ஆசை. அந்தப் பிள்ளை கை வழுக்கினது என்னாலல்லா? அதை முதல்ல சரிக்கட்டணும்னு எனக்கு வெறி.

அவ புருசனைப் பார்க்கவே இல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து, “ஏக்கா, பிள்ளையைத் தூக்கிட்டு வா”ன்னு கூப்பிட்டா. “கை என் கைதானே”ன்னு அவன்கிட்டச் சொன்னா. அவன் சுவருல ஒரு குத்து விட்டுட்டு வெளிய போயிட்டான்.

முதல் சொட்டு பக்கத்து வீட்டுக்காரி மகளுக்குப் போச்சு. அடுத்தாப்புல முத்துக்குள்ள இருந்து கசிஞ்சது பாதிச் சொட்டு, தண்ணி மாதிரி. அதை வழிச்சு கொச்சு கையில ரெண்டு கீறலுக்கும் வச்சேன். காயுற வரைக்கும் கையை நானே பிடிச்சுக்கிட்டு இருந்தேன். பழம்துணியைச் சுத்திக் கட்டி, “நான் வந்து அவுக்கிற வரைக்கும் எவரும் தொடக்கூடாது. எண்ணெய் இந்த வீட்டுக்குள்ளயே வரக்கூடாது”ன்னேன்.

மேலதிகாரிகிட்ட மறுநாளே நானா போய்ச் சொல்லிட்டேன். ஒளிச்சுச் செய்யுற புத்தி எனக்குக் கிடையாது. அவரு நாற்காலியில சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டாரு. “நான் இதைக் காகிதத்துல எழுதணுமேம்மா. எழுதினா உங்க உத்தியோகம்...”

“எழுதுங்க ஐயா. ஆனா எட்டு நாள் கழிச்சு எழுதுங்க. பிடிச்சுதா இல்லையான்னு சேர்த்து எழுதலாம்.” பேச்சு கம்பீரமாத்தான் வந்துது. வீட்டுக்கு வந்தா சோறு இறங்கல. ரசத்தை ஊத்தி ஊத்தி முழுங்கினேன்.

அஞ்சாம் நாள் போனேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில செவசெவன்னு தடிப்பு, பால் பிடிச்சாச்சு. கொச்சு துணியை ஓரமா விலக்கிப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல. அவகிட்ட, “இன்னும் நாள் இருக்கு”ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு, பாதையில ஏறி வந்து ஒரு பாறையில உக்காந்து அழுதேன். அடியம்மா, அப்படி நான் அழுதது என் முகத்துக்குக் கூட இல்ல.

எட்டாம் நாள் காலையில தென்காசி ஸ்டேஷன்ல பார்சல் வந்திருக்குன்னு ஆள் வந்துது. போய் வாங்கினேன், பத்துக் குழாய். கலயத்துல புதைச்சுக்கிட்டு வெளிய வாரேன், எதிர்ல எண்ணெய்க்காரன் நிக்கான். ஆறடி மனுசன் வேர்த்து ஒழுக ஓடி வந்திருக்கான்.

“பிள்ளைக்கு ராத்திரியில இருந்து உடம்பு கொதிக்கும்மா. பால் குடிக்கல.”

அம்மா வந்தாலும் முதல்ல காய்ச்சல்தான். பால் பிடிச்சாலும் காய்ச்சல்தான். எதுன்னு நான் அவனுக்கு என்ன சொல்ல? குதிரை வண்டி ஒண்ணைப் பிடிச்சு ரெண்டு பேரும் ஏறினோம். வழி பூரா அவன் ஒரே கேள்விதான் கேட்டான், “எதும்மா? ரெண்டுல எதும்மா?” நான், “வாயை மூடிக்கிட்டு வாலே”ன்னு ஒரு தடவை சொன்னேன். அப்புறம் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்குள்ள அவ சுவரோட சாஞ்சு பிள்ளையை மடியில போட்டு உக்காந்திருந்தா. துணிக்கட்டு நான் கட்டினபடியே இருக்கு.

“அவுத்துப் பார்த்தியா?”

“நீங்க தொடக்கூடாதுன்னீயல்லா.”

எண்ணெய் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நான் சொன்னதுக்கு, புருசனையே எட்டு நாளா முற்றத்துல குளிச்சிட்டுத்தான் உள்ள விட்டிருக்கா. தன் தலையில எண்ணெய் வைக்காம, முடி காஞ்சு நார் நாரா நிக்கி. நான் முதல்ல பிள்ளை முகத்தைப் பார்த்தேன், நெத்தியைப் பார்த்தேன், உள்ளங்காலைப் பார்த்தேன். ஒரு பொரி இல்ல. அதுக்குப் பிறகுதான் முடிச்சை அவுத்தேன். முடிச்சு அவுரல, பல்லால இழுத்தேன்.

கீறின ரெண்டு இடத்துலயும் ரெண்டு முத்து. உருண்டையா, நடுவுல குழிஞ்சு, சுத்தி ரோஸ் நிறத்துல வட்டம் போட்டு, ஏ ஆத்தா, அப்படியொரு முத்தை நான் உத்தியோகத்துல சேர்ந்த நாள்ல இருந்து பார்த்ததில்ல. “பிடிச்சிட்டுட்டி! பால் பிடிச்ச காய்ச்சல்தான் இது! பிள்ளைக்கு இனி ஒண்ணும் வராது!”ன்னு கத்திட்டேன். வளவே கூடிட்டு. அவன் அப்படியே வாசப்படியில உக்காந்து தலையில கையை வச்சுக்கிட்டு ஓன்னு அழுதான். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல தலையை நீட்டி, “நல்லா இருப்பே தாயி, நல்லா இருப்பே”ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

அவ மட்டும் அழல. பிள்ளை கையைத் தன் உள்ளங்கையில ஏந்தி, அந்த ரெண்டு முத்தையும் ரொம்ப நேரம் பார்த்தா. எட்டு நாளாத் தூங்காத மூஞ்சி அது. பார்த்துட்டு, என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டா.

“கீழ முடுக்குல ரெண்டு வீட்டுல வேப்பிலை கட்டியிருக்காம். அங்கன குத்தாத பிள்ளைகள் இருக்கு. இது எத்தனை பேருக்குக் காணும்?”

காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளை கையை என் பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கா. என் கலயத்துல பத்துக் குழாய் இருக்கு. அவளுக்கு அது தெரியாது. நான் பிள்ளை கையைத் துணியால மூடிட்டு, அவளைக் கட்டிக்கிட்டேன்.